பார்த்துப் பார்த்து நடந்தவர்

அவர் என்னிடம் முதன்முதலாகச் சொன்னது ஒரு பொய்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில், சின்ன சர்க்கரை நோய் கிளினிக் ஒன்றில் அப்போது நான் நர்ஸாக இருந்தேன். கால் பார்ப்பதுதான் என் வேலை. வருகிறவர்களின் பாதத்தைத் துடைத்து, நகம் வெட்டி, புண் இருந்தால் கட்டுப் போட்டு அனுப்புவேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. பேனா மாதிரி ஒரு பிடி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாதத்தில் அங்கங்கே அந்த இழையை வைத்து, அது லேசாக வளைகிற அளவுக்கு அழுத்த வேண்டும். பட்டது தெரிந்தால் அவர்கள் "ஆங்" என்று சொல்ல வேண்டும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கட்டை விரலின் அடியில் இழையை வைத்தேன். "ஆங்" என்றார். குதிகாலில் வைத்தேன். "ஆங்." நடுப்பாதத்தில் வைத்தேன். "ஆங்." எல்லாம் ஒரே சீராக, மூச்சு விடுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து கையை எடுத்துக்கொண்டேன். இழை காற்றில் நின்றது.

"ஆங்" என்றார் அவர்.

"ஐயா, நான் இப்ப தொடவே இல்லைங்க."

கண்ணைத் திறந்தார். டிக்கெட் வாங்காமல் செக்கிங்கில் மாட்டிக்கொண்டவர் போல ஒரு சிரிப்பு. "அப்படியா சிஸ்டர்? பட்ட மாதிரி இருந்துச்சே."

அடுத்தது அதிர்வுக் கவை, தட்டினால் ரீங்கரிக்கிற இரட்டை முனைக் கம்பி. அதைத் தட்டிவிட்டுக் கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். வைத்தவுடனே "அதிருதுங்க" என்றார். கையால் பிடித்து அதன் ஓசையை நிறுத்தினேன். உடனே "நின்னுடுச்சு" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒன்றாவது மிச்சமிருக்கிறதே என்று. பிறகுதான் புரிந்தது. காதால் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறார். மறுபடி தட்டி, அவர் காலில் வைக்காமல் அருகில் பிடித்துக்கொண்டேன். "அதிருதுங்க" என்றார்.

டாக்டரிடம் எழுதி அனுப்பினேன், இரண்டு பாதத்திலும் கணுக்கால் வரை உணர்வு இல்லை என்று.

அவர் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல உயரம், அகலமான கைகள். வேட்டிக்கு மேல் வெளுத்துப்போன காக்கிச் சட்டையைத்தான் அப்போதும் போட்டுக்கொண்டிருந்தார், புதிதாக வாங்க வேண்டுமென்று தோன்றவில்லையாம். எங்கள் கிளினிக்குக்குப் பின் தெருவில் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தார். மனைவி ஓசூரில் மகள் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார். அதற்கு மேல் கேட்டால், "ஒண்ணும் இல்லைங்க, அவங்கவங்க அங்கங்க இருக்கோம்" என்பார்.

அந்தத் தெருவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. பெயர் தெரியாது, நடை தெரியும். எப்போதும் தலையைக் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நடப்பார். படி ஏறும்போது நின்று, பாதம் முழுதாகப் படியில் வந்துவிட்டதா என்று பார்த்து, அப்புறம்தான் அடுத்த காலை எடுப்பார். செருப்பின் பின்னால் ஒரு வார் வைத்துத் தைத்திருந்தார், கழன்று விழுந்தாலும் தெரியாது என்பதால். யாராவது எதிரில் வந்து வணக்கம் வைத்தால் நின்றுவிடுவார். நடந்துகொண்டே தலையை நிமிர்த்த முடியாது அவரால்.

டீக்கடையில் ஒருமுறை யாரோ கேட்டார்களாம்.

"இன்னா பெரியவரே, எதையோ தேடிக்கினே இருக்கீங்க?"

"காலைத்தான்" என்றாராம்.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள் என்று அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வேடிக்கைக்காகச் சொன்னதல்ல அது என்று புரியக் கொஞ்ச நாளாயிற்று.

எங்கள் டாக்டர் பொறுமைசாலி. எதையும் விளக்கிச் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம். தோலுக்கு அடியில் சூட்டுக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, வலிக்கு ஒன்று என்று தனித்தனியாக நரம்பு முனைகள் இருக்கின்றன, அதில் படுகிறதை அவை சேதியாக மாற்றி முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன, மூளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது சூடு, அது வலி. சேராவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரிதான் என்று சொன்னார். காலுக்குப் போகிற நரம்புதான் உடம்பிலேயே நீளம், அதனால் சர்க்கரை அதைத்தான் முதலில் தின்கிறது என்றும் சொன்னார்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கண்டக்டர் விசில் மாதிரிங்க" என்றார். "பின்னால படியில யார் ஏறினாங்க, யார் எறங்கினாங்கனு டிரைவருக்குத் தெரியாது. விசில் வந்தாத்தான் தெரியும். எனக்குப் பின்னாலருந்து விசில் வரதில்ல, அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றார் டாக்டர்.

"அப்ப யாராவது படியில தொங்கிக்கினு இருந்தாலும் வண்டிய எடுத்துடுவேன்."

டாக்டர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

கால் போனால் நடை மட்டும்தான் போகும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் பழக்கங்களைப் பார்த்தபிறகுதான் ஒரு பாதம் நமக்காக எத்தனை வேலை செய்கிறது என்று எனக்கே தெரிந்தது. முகத்துக்குச் சோப்புப் போடும்போது ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்வாராம். கண்ணை மூடினால் நிற்கிறோமா சாய்கிறோமா என்று தெரியாமல் விழுந்துவிடுவார். குளிக்கிற தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் காலில் ஊற்றுவார். கரண்ட் போனால் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்.

"டார்ச் ஒண்ணு வெச்சுக்கலாமே ஐயா."

"இருக்குது சிஸ்டர். அது அலமாரில இருக்கும், நான் இந்தாண்ட இருப்பேன். கரண்ட் வர வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பேன். என்னா அவசரம் எனக்கு?"

அவருக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. முள் குத்தினால் தெரியாத அந்தக் கால், படுத்தவுடன் தீ வைத்த மாதிரி எரியும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. சுவரில் பாதத்தை ஒட்டிவைத்துக்கொண்டு படுப்பார். "சூடு பட்டாத் தெரியல. சூடே இல்லாதப்ப எரியுது. இது என்னா நியாயம்?" என்று டாக்டரைக் கேட்டார். சாகிற நரம்பு சும்மா சாகாது, பொய்ச் சேதி அனுப்பிக்கொண்டே சாகும் என்று டாக்டர் விளக்கினார். அதற்கு மாத்திரையும் கொடுத்தார். அது கொஞ்சம் கேட்டது.

பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். "எரிச்சல் இல்லாத அன்னைக்குத்தான் எனக்குப் பயமா இருக்குது. எழுந்து உக்காந்து கால் இருக்குதானு ஒரு வாட்டி பாத்துக்குவேன்."

அப்போது என் கணவர் சவுதியில் இருந்தார். ஒரு கெஸ்ட் ஹவுஸின் பின்பக்க அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். முன்பக்கம் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள், பேசாமல் இருப்பதற்கென்றே வெகுதூரத்திலிருந்து வந்து தங்குகிறவர்கள். வாசலில் பார்த்தால் கை கூப்புவார்கள். வேலை முடிந்து போனால் மறுநாள் காலை வரை நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது. அதனால் அவர் கரண்ட் போய் உட்கார்ந்திருப்பதைச் சொன்னபோது அந்த அறை எனக்குக் கண்ணில் தெரிந்தது.

அவர் பஸ்ஸை விட்ட கதையை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். அதற்கு முன்னால் கால் வெந்த கதையைச் சொல்ல வேண்டும்.

செருப்பில்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் வைக்கக் கூடாது என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் சரி என்பார். கிரிவலத்துக்கு மட்டும் வெறுங்காலோடு போய்விடுவார்.

"மலையைச் சுத்தறதுக்குச் செருப்பாங்க?"

"சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது ஐயா."

"சாமிக்காக இல்ல சிஸ்டர்." கொஞ்சம் தயங்கினார். "அங்கதான் எல்லாரும் கீழ பாத்துக்கினே நடப்பாங்க. கல்லு குத்திடப் போவுதுன்னு ஆளாளுக்கு அவங்கவங்க காலப் பாத்துக்கினு போவாங்க. நான் போறது யாருக்கும் வித்தியாசமாத் தெரியாது."

ஆனால் பௌர்ணமிக் கூட்டம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒருமுறை யாரோ அவர் காலை மிதித்துக்கொண்டு நிற்க, அது தெரியாமல் இவர் அடுத்த அடி எடுக்க, குப்புற விழுந்து கூட்டம் மேலே ஏறப் பார்த்திருக்கிறது. அதிலிருந்து கூட்டம் சேருவதற்கு முன்னால் பகலிலேயே சுற்றிவிட்டு வந்துவிடுவது என்று வைத்துக்கொண்டார். சித்திரை மாதத்தில் ஒரு பௌர்ணமியன்று உச்சி வெயிலில், ரோட்டில் ஆளே இல்லாத நேரத்தில், தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தார். ஆள் இல்லாதது வசதி என்று நினைத்தாரே தவிர, ஏன் ஆள் இல்லை என்று யோசிக்கவில்லை. மற்றவர்களுக்கு அதைக் கால் சொல்லியிருந்தது.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் மோர் விற்கிற அம்மா ஒருத்திதான் அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். ஷேர் ஆட்டோவில் ஏற்றி எங்கள் கிளினிக்குக்கு அழைத்துவந்ததும் அவள்தான்.

"இவரு நடந்து வந்த வழியெல்லாம் ஈரமா அடி அடியா இருந்துச்சும்மா. காலக் கழுவிக்கினு வராருன்னு நெனச்சேன். கிட்ட வந்தப்பதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள், முன்பின் தெரியாத மனுஷனுக்காக.

இரண்டு உள்ளங்காலும் முழுதாகக் கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, தோல் வழன்று போயிருந்தது. வெந்த காலைச் சுத்தம் செய்யும்போது திடகாத்திரமான ஆட்களே அலறிவிடுவார்கள். அவர் தலையணையில் சாய்ந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கியது.

"நீங்க ஏன் சிஸ்டர் மூஞ்ச இப்படிப் பண்றீங்க? எனக்கு ஒண்ணுமே தெரியல."

"தெரியலன்றதுதான் ஐயா பிரச்சினை."

"வெயில்ல பாக்கறப்ப ரோடு பளபளன்னு இருந்துச்சு. கண்ணுக்குச் சூடு எப்படித் தெரியும்?" என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வருவார். கிளினிக் ஆட்டோ போய் அழைத்துவரும். கட்டுப் பிரித்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டி முடிக்க நேரமாகும். அந்த நேரத்தில் பேசுவார். முதலில் ரோடு பற்றி, கொஞ்சம் கொஞ்சமாக மற்றதெல்லாம்.

ஒருநாள் கேட்டேன், "நான் தொடறது கொஞ்சமாவது தெரியுதா ஐயா?"

"தொடறது தெரியல. ஆனா கால்மாட்டுல ஒருத்தங்க உக்காந்திருக்காங்கன்றது தெரியுது" என்றார்.

பஸ்ஸை விட்டதும் அப்படித்தான் வெளியே வந்தது. கடைசி வருஷங்களில் அவர் ஓட்டியது கீழ்பென்னாத்தூர் பக்கம் போகிற வண்டி. கால் மரத்துப்போக ஆரம்பித்து அப்போதே பல மாதம் ஆகியிருந்தது. மிதியைக் குனிந்து பார்த்துக்கொள்வார். பார்க்காதபோது வண்டியின் சத்தத்தை வைத்துக் கால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பார். ஒருநாள் ஓட்டும்போதே செருப்பு கழன்று பின்னால் போய், பயணி ஒருவர் எடுத்துவந்து கொடுத்தபோதுதான் அது காலில் இல்லை என்று அவருக்குத் தெரிந்ததாம்.

"கீழ்பென்னாத்தூர் ஸ்டாப்பிங்ல சிஸ்டர், முன்னால மல்லாட்டை மூட்டை ஏத்தின டிராக்டர் நிக்குது. மூட்டை மேல ரெண்டு பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. நான் பிரேக்க மிதிக்கிறேன். வண்டி நிக்காம இன்னும் வேகமாப் போவுது. பிரேக் புட்டுக்கிச்சுன்னு நெனச்சேன். அப்புறம் குனிஞ்சு பாத்தேன். காலு ஆக்சிலேட்டர் மேல இருக்குது."

கை பிரேக்கை இழுத்திருக்கிறார். வண்டி குலுங்கி நின்றது. பஸ்ஸுக்கும் அந்த வேர்க்கடலை டிராக்டருக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம்தான் இருந்ததாம். மேலே உட்கார்ந்திருந்த பெண்கள் அவரைத் திட்டினார்கள். உள்ளே விழுந்து எழுந்தவர்களும் திட்டினார்கள். கண்டக்டர் ஓடிவந்து "இன்னாண்ணே ஆச்சு?" என்று கேட்டபோது மயக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். சாவியைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் வந்த வேறொரு பஸ்ஸில் பின் படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டே திருவண்ணாமலைக்கு வந்தார். அதோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்னான்னு சொல்றது? இத்தனை மாசமா எப்படிய்யா ஓட்டினன்னு கேப்பாங்க இல்ல? எத்தனை பேரு என் முதுகுக்குப் பின்னால நம்பி உக்காந்திருந்தாங்க." பிறகு வழக்கமான அந்த வார்த்தையைச் சொன்னார். "ஒண்ணும் இல்ல, விடுங்க."

அலுத்துப்போய்விட்டது, அதனால் வேலையை விட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். மனைவிக்கு அது பெரிய கோபம். இன்னும் சில வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது.

இடது பாதம் மெல்ல ஆறியது. வலது பாதத்தில் இரண்டு விரல்கள் கறுத்துக்கொண்டே வந்தன. அவற்றை எடுத்தால்தான் பாதத்தைக் காப்பாற்ற முடியும், சென்னைக்குப் போக வேண்டும், வீட்டிலிருந்து ஒருத்தராவது கூட வர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"யாரும் வேணாம். நானே போய்க்கறேன்" என்றார் அவர்.

மனைவி தினமும் போன் செய்வார், கட்டு மாற்றும்போது நானே பார்த்திருக்கிறேன். வீடியோவில்தான் பேசுவார். இவர் தன் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், ஒண்ணும் இல்ல என்று மூன்று பதிலில் முடித்துவிடுவார். கால் வெந்தது, வாரக்கணக்காகக் கட்டு மாற்றுவது எதுவும் ஓசூருக்குத் தெரியாது. நானும் என் கணவரிடம் அப்படித்தான் பேசுவேன் என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்குக் கட்டு மாற்றும்போது அந்த போன் அடித்தது. ஸ்டூல் மேல் இருந்தது. "எடுக்காதீங்க" என்றார். நின்றது, மறுபடி அடித்தது. மறுபடி நின்று, மறுபடி. மூன்றாவது தடவை நான் கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

"யாரும்மா நீ? அவர் எங்க?" என்று அந்த முகம் கேட்டது.

நான் யார் என்று சொன்னேன். என்ன நடந்தது என்றும் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை நான் கிளினிக் கதவைத் திறக்கும்போது அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வந்து, பஸ் மாறி, நேராக இங்கே வந்திருந்தார். கையில் ஒரு பை. மெலிந்த, வேகமான பெண்மணி. கட்டு மாற்றும் நாள் இல்லையென்றாலும் ஆட்டோவை அனுப்பினேன். அது அவரை அழைத்துவந்து இறக்கியதும், அந்த அம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"கால் வெந்து கெடக்கறீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல இல்ல?"

அவர் மெல்ல உள்ளே வந்தார். டேபிளில் ஏறிப் படுத்தார். நான் கட்டைப் பிரித்தேன். அந்த அம்மா கறுத்த விரல்களைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். குரல் இறங்கிவிட்டது.

"மூணு வருஷமா நான் என்னா நெனச்சிக்கினு இருக்கேன் தெரியுமா? பொண்ணு ஏதோ கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டா, ரோஷக்காரரு, அதுக்காக எங்க எல்லாரையும் அறுத்து விட்டுட்டாருன்னு நெனச்சேன். புள்ளைக்குக் காது குத்துனோம், வரல. பள்ளிக்கூடம் சேத்தோம், வரல. மாப்பிள்ளை கேக்கறாரு, நான் என்னா பதில் சொல்றது?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரோஷம் இல்ல."

"பின்ன?"

"அன்னைக்கு நான் நின்னுக்கினு இருந்தேன். கையில பேப்பர். புள்ள தரையில தவழ்ந்துக்கினு வந்தது எனக்குத் தெரியல. திடீர்னு வீல்னு அலறுது. எங்க, எங்கன்னு சுத்திப் பாக்கறேன். கட்டில் கீழ பாக்கறேன். கதவுல மாட்டிக்கிச்சான்னு பாக்கறேன். நீ ஓடி வந்து என்னைத் தள்ளினப்பதான்..." நிறுத்தினார். "புள்ள விரலு என் கால் கீழ இருந்துச்சு. அது அலறிக்கினே இருக்குது, நான் அது மேல நின்னுக்கினு தேடறேன்."

நான் பஞ்சைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"பொண்ணு கேட்டா இல்ல, கண்ணு தெரியலையாப்பான்னு. கண்ணு தெரியும். கால்தான் தெரியல. பஸ்ஸ விட்டதும் அதனாலதான். அந்த வீட்டுல தரை பூராப் புள்ள. நான் அங்க எப்படி நடப்பேன், சொல்லு."

வெளியே ஏதோ லாரி போய் ஓசை அடங்கியது. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க காலுக்குத்தான் தெரியல," என்றார். "வாய்க்கு என்னா வந்துச்சு?"

பதிலுக்கு அந்த அம்மா காத்திருக்கவில்லை. என்னிடம் திரும்பி, சென்னைக்கு என்றைக்குப் போக வேண்டும், என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்.

இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. திரும்பி வந்து அந்த ஒற்றை அறையிலேயே இருவரும் தங்கினார்கள். கட்டு மாற்ற இப்போது இரண்டு பேராக வருவார்கள். அந்த அம்மா என் பக்கத்தில் நின்று எப்படிக் கழுவுவது, எப்படிக் கட்டுவது என்று கற்றுக்கொண்டார். சீக்கிரமே என்னைவிட நன்றாகக் கட்டினார். அவர் என்னோடு பேசுவதும் குறைந்துவிட்டது, பேச வீட்டில் ஆள் இருந்ததால். அது நல்லதுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர்கள் வருகிற நாளில் நான் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்து டேபிளைத் துடைத்து வைத்திருப்பேன்.

புண் மூடியதும் ஓசூருக்குப் போவதென்று முடிவாயிற்று. போனவர் நன்றாக இருக்கிறார், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பர் செருப்போடுதான் நடக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அவரைத் திரும்பப் பார்க்கவில்லை.

கிளம்புகிற அன்று காலை கடைசித் தடவையாகக் காலைக் காட்ட வந்தார்கள். அழைத்துப்போக மகள் காரில் வந்திருந்தாள், கூடவே குழந்தையும். நினைவு தெரிந்து தாத்தாவைப் போனில் மட்டும் பார்த்த குழந்தை. நேரில் பார்க்கக் கூச்சப்பட்டு அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றது. அவர் டேபிளின் ஓரத்தில் உட்கார்ந்து, கால் இரண்டையும் உள்ளே மடக்கி இழுத்துக்கொண்டார்.

"இங்க வா" என்றார். "எடது கையக் காட்டு."

குழந்தை அம்மாவைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டியது.

"அது எப்பவோ ஆறிப்போச்சுப்பா," என்றாள் மகள். "எந்த விரல்னு எனக்கே ஞாபகம் இல்ல."

"மோதிர விரல்" என்றார் அவர்.

அந்தச் சின்ன விரலைத் தன் பெரிய கையில் எடுத்து, நகத்தின் மேல் கட்டை விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். "இங்க ஒரு கோடு இருக்குது" என்றார். மகள் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தபோதுதான் நகத்தின் குறுக்கே முடி அளவுக்கு ஒரு மேடு தெரிந்தது.

மகள் அவர் தோளில் கை வைத்தாள்.

"கூசுது தாத்தா, விடு" என்று குழந்தை நெளிந்தது.

அவர் விடவில்லை. என் பக்கம் திரும்பாமலே, "கையில தெரியுது சிஸ்டர்" என்றார். "நல்லாத் தெரியுது."